ராணிக்குத் தண்ணீர் வைத்தவன்

நான் பொய் சொன்னேன். ஒரே ஒரு சொல்தான். "இல்லை." அந்தச் சொல்லால் குற்றமற்ற ஒருவனைச் சிறைக்குள் தள்ளினேன். அவன் பிழைப்பைக் கெடுத்தேன். இன்றுவரை அந்தச் சொல்லை நான் திரும்பப் பெறவில்லை.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சுற்றி வளைத்துப் பேசுவதில் நான் கெட்டிக்காரன்... எட்டாம் வகுப்போடு நின்றவன், மிச்சத்தையெல்லாம் மனிதர் வாயிலிருந்து படித்தவன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் என்னை எழுப்ப முடியாது. அந்தப் பெஞ்சுதான் எனக்கு வினையாயிற்று.

போலீஸ் என்றதும் நீங்கள் ஒரு தொப்பியையும் ஒரு லத்தியையும் நினைத்துக்கொள்வீர்கள். உள்ளே வந்து பாருங்கள்! அறை அறையாய்த் தடுத்த பெரிய வீடு அது. ஸ்டேஷன்காரர் வேறு, குற்றப்பிரிவு வேறு. கலவரமென்றால் லாரியில் வந்து இறங்கும் ஆயுதப்படை வேறு. யார் எந்தக் கூட்டத்தில் என்ன பேசினார் என்று குறித்துவைக்கும் தனிப்பிரிவு வேறு. கைரேகைக்காரர், வயர்லெஸ்காரர், போட்டோ எடுப்பவர்... அந்த வீட்டின் கடைசி அறை எங்களுடையது. மோப்ப நாய்ப் பிரிவு.

நான் ஆயுதப்படையில் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தவன். தலைமைக் காவலர் பட்டை கிடைத்த வருடம் நாய்ப் பிரிவுக்குக் கேட்டு வாங்கிப் போனேன். ராணி என்ற அல்சேஷன் குட்டியை என் கையில் கொடுத்தார்கள். பத்து மாதம் அவளோடு பயிற்சி. எனக்குப் பிள்ளையில்லை. இதற்குமேல் அவளைப்பற்றி என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்.

எங்கள் பிரிவில் ஒரு கட்டளை எல்லாவற்றுக்கும் மேலானது. ஒரு நாய்க்கு ஒரே கை. வளர்க்கிறவன் கையைத் தவிர வேறு எவர் கையிலிருந்தும் ஒரு கவளம் சோறு, ஒரு வாய்த் தண்ணீர் ஆகாது. அதிலும் வழக்குக்குப் போகும் நாளில் ஆகவே ஆகாது! கொடுத்த கையை நாய் மறக்காது. மோப்பம் தவறித் திகைத்து நிற்கும்போது அந்தக் கையைத் தேடித்தான் போகும்.

இது தெரியாமல் நான் தவறவில்லை. தெரிந்துதான் தவறினேன். முந்தின வருடம் ஒரு கல்யாண வீட்டு வாசலில் யாரோ போட்ட எலும்பை ராணி கவ்விவிட்டாள். அதற்கு எனக்கு மெமோ வந்தது. இன்னொரு முறை என்றால் நாய் வேறொருவர் கைக்குப் போகும், நான் பழையபடி ஆயுதப்படைக்குப் போவேன். அதிகாரி அதை முகத்துக்கு நேரே சொன்னார்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்கு லாரி லாரியாய்க் கல் போய்க்கொண்டிருந்த காலம். கடற்கரைப் பக்கம் ஒரு வியாபாரி சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் ஜன்னல் கம்பியை வளைத்துத் திருட்டு நடந்திருந்தது. போனது ஒரே பொருள்... வலம்புரிச் சங்கு. கடலில் கிடைக்கிற சங்கெல்லாம் இடப்பக்கம் சுழிந்தது. அபூர்வமாய் ஒன்று வலப்பக்கம் சுழிந்து வரும். அது வீட்டிலிருந்தால் மகாலட்சுமி இருப்பதாய் நம்புகிறவர்கள் உண்டு. வியாபாரி அதைப் பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தாராம்.

எங்கள் வேன் ஜில்லாத் தலைமையிடத்திலிருந்து காலையிலேயே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வரவில்லை. அவர் வராமல் நாயை வேலைக்கு இறக்கக்கூடாது. வெயில் ஏறியது. வேன் நிழலில் ராணியைக் கட்டிவிட்டு, எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடைக்குப் போனேன். பத்தடி தூரம்தானே, கண்பார்வையில்தானே இருக்கிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அங்கேதான் இன்னாசியைப் பார்த்தேன். சங்கு குளிக்கிறவன். காற்று மாறிக் கடல் கலங்கிக் கிடக்கும் மாதங்களில் அந்தக் கிட்டங்கியிலேயே சங்கு கழுவும் வேலை பார்ப்பான். மார்பு தோணிப் பலகை மாதிரி விரிந்திருக்கும். என்னைப் போலவே வாயாடி!

"கீழ போனா எப்படி இருக்கும்டே?" என்று கேட்டேன்.

"சத்தமே இருக்காது ஏட்டையா. முதலாளி வரமாட்டாரு, மாமியா வரமாட்டா. மூச்சு மட்டும் கூடவே வந்து, 'மேல போவமா, மேல போவமா'ன்னு நச்சரிக்கும்."

"போட்டு உடைக்கான் பாருங்க," என்று டீக்கடை அண்ணாச்சி சிரித்தார். "மாமியாவுக்குப் பயந்துதாம்யா இவன் ஒம்பது பாகம் ஆழத்துக்கு முங்குதான்!"

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இன்னும் பேசு, இன்னும் பேசு என்று அவன் வாயைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அவன்தான் முதலில் திரும்பிப் பார்த்தான்.

"ஏட்டையா, பிள்ளைக்கு நாக்கு தரையில கிடக்கே... ஒரு வாய் தண்ணி வைக்கட்டா?"

பிள்ளை என்றான்! அந்த ஒரு சொல்லில் நான் குளிர்ந்துபோனேன். "வையி, வையி," என்றேன். ஆம்... நான்தான் சொன்னேன். எழுந்து போய் நானே வைத்திருக்கலாம். டீ ஆறிவிடுமே என்று உட்கார்ந்திருந்தேன்.

அவன் ஒரு மண்சட்டியில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தான். ராணி சளப் சளப்பென்று குடித்தாள். அவன் அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்தான். அவள் வாலாட்டினாள். டீக்கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதை ரசித்தேன்.

சிறிது நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஜீப் வந்தது.

கிட்டங்கிக்குள் நுழைந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இங்கே ஒன்றும் ஆகப்போவதில்லை என்று. கடலிலிருந்து வந்த சங்கைக் குவித்து, உள்ளிருக்கும் சதை அழுகும்வரை விட்டுவைப்பார்கள். அந்த நாற்றத்தை நீங்கள் முகர்ந்ததில்லை. முகர வேண்டவும் வேண்டாம்! மனிதருக்கே கண்ணில் நீர் வரும். ராணியின் மூக்கை நினைத்துப்பாருங்கள். ஜன்னல் விளிம்பை முகரவைத்தேன். கீழே இருந்த காலடித் தடத்தை முகரவைத்தேன். தும்மினாள். இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். "எனக்குத் தெரியவில்லை."

அப்போதே, "ஐயா, மோப்பம் கிடைக்கவில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் வாசலில் கூட்டம் கூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நாங்கள் கடைசி அறைக்காரர்கள்... எங்களை அழைப்பதே எப்போதாவதுதான். வெறுங்கையோடு திரும்ப எனக்கு மனமில்லை. வாரைத் தளர்த்தி, "கோ!" என்று மறுபடியும் ஏவினேன்.

ராணி வெளியே வந்தாள். வேலைக்காரர்களை வரிசையாய் நிறுத்தியிருந்தார்கள். ஐந்தாறு பேரைக் கடந்தாள். இன்னாசி முன்னால் நின்றாள். முன்னங்காலைத் தூக்கி அவன் தொடையில் வைத்து, ஒரே ஒரு முறை குரைத்தாள்.

கூட்டம் "ஓ"வென்றது.

அந்தக் குரைப்பு எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் காலித் தட்டின்முன் உட்கார்ந்து குரைப்பாளே, அதே குரைப்பு! ஆளைக் கண்டுபிடித்தால் அவள் குரைப்பது வேறு மாதிரி. விடாமல், பல் தெரிய, உடம்பு விறைத்து... இது "இன்னும் கொஞ்சம் கொடேன்" என்று கேட்பது. அங்கே நின்ற அத்தனை பேரிலும் அது புரிந்தவன் நான் ஒருவன்தான்.

இல்லை, இன்னொருவனுக்கும் புரிந்தது. இன்னாசி சிரித்தான்.

"ஐயா, காலையில தண்ணி வச்சம்லா, அதான் வருது. ஏட்டையாட்ட கேளுங்க. அவுகதான் வைக்கச் சொன்னாக."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "என்னய்யா? நாய்க்கு வேற யாராவது தண்ணி குடுத்தாங்களா?"

நீங்கள் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? தெரியும்... உண்மையைச் சொல்லியிருப்பேன் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், அந்தக் கணத்துக்கு முந்தைய கணம்வரை. என் கண்ணில் தெரிந்தது இன்னாசியில்லை. ராணியின் வாரை வேறொருவன் பிடித்துக்கொண்டு போகும் காட்சி. அவள் திரும்பித் திரும்பி என்னைப் பார்க்கும் காட்சி.

"இல்லைங்க ஐயா," என்றேன்.

இன்னாசியின் சிரிப்பு உடனே போகவில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். "ஏட்டையா... சும்மா சொல்லாதீய..." என்றான். நான் குனிந்து ராணியின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தேன். அது சரியாய்த்தான் இருந்தது!

டீக்கடை அண்ணாச்சி கூட்டத்தில் நின்றார். அவரும் பார்த்தவர்தான். என்னைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், கடைக்குள் போய்விட்டார். பக்கத்தில் யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "நாய்க்குச் சாதி உண்டுமா, சம்பந்தி உண்டுமா? அது எதுக்குவே பொய் சொல்லப்போவுது?"

ஆம். நாய் பொய் சொல்லவில்லை.

அன்று மாலை அறிக்கை எழுதினேன். எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு, நாயை வெளியார் எவரேனும் தொட்டனரா, உணவு நீர் அளித்தனரா என்று. வாயால் சொன்னதைக் கையாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கைரேகைக்காரர், ஈரத்தில் ரேகை பதியவில்லை என்று தன் காகிதத்தில் எழுதினார். குற்றப்பிரிவுக்காரர் இரண்டையும் வைத்துப் பார்த்தார். ரேகை பேசவில்லை, நாய் பேசியிருக்கிறது. போதாதா! ஒவ்வொரு அறையும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. கடைசி அறையில் மட்டும்தான் பொய் இருந்தது. அது காகிதத்தில் ஏறி எல்லா அறைக்கும் போயிற்று. அதைப் பின்னால் ஓடிப் பிடித்து நிறுத்த ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை... தெரியவில்லையா? தேடவில்லை என்று சொல்!

இன்னாசியை விசாரித்தார்கள். சங்கு எங்கே, சங்கு எங்கே என்று. இல்லாத சங்கை அவன் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பான்? விசாரித்தவர்களில் ஒருவர் செவிட்டில் அறைந்ததில் வலது காதிலிருந்து ரத்தம் வந்ததாம். இதைச் சொன்னது அந்த ஸ்டேஷன் ரைட்டர். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும்... நானும் பல்லைக் காட்டினேன்.

சில மாதம் உள்ளே இருந்தான். கோர்ட்டில் வழக்கு நிற்கவில்லை. நாய் போய் நின்றதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று விட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நான் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேனே, என்ன மனிதன் நான்!

காதுச் சவ்வு கிழிந்தவன் எப்படி முங்குவான்? நாலு பாகம், நாலு ஆள் ஆழம், இறங்கியதுமே தலை சுற்றி, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போனதாம். ஒருமுறை கயிற்றைப் பிடித்து இழுத்துத்தான் காப்பாற்றினார்கள். பிறகு எந்தத் தோணியிலும் அவனை ஏற்றவில்லை. காது ஒரு காரணம். இன்னொன்றை யாரும் வெளியே சொல்லவில்லை. நாய் காட்டிக்கொடுத்தவன்! கோர்ட் விட்டால் என்ன, ஊர் விடுமா?

ராணி என்னோடுதான் இருந்தாள். அந்தப் பொய் அவளை எனக்கு மூன்று வருடம் வாங்கிக்கொடுத்தது. வேறு வழக்குகளில் நிஜமாகவே ஆளைப் பிடித்தாள். பாராட்டுச் சீட்டு வந்தது. போன ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், வயிற்றில் கட்டி வந்து என் மடியிலேயே செத்தாள்.

இனி இழக்க எனக்கு ஒன்றுமில்லை என்று தோன்றியது. மறுவாரம் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போனேன். காக்கி போடாமல், வேட்டி கட்டிக்கொண்டு.

இன்னாசி வீட்டு வாசலில் பழைய வலை ஒன்றைப் பிரித்துப் போட்டுக் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தான். குனிந்த தலை நிமிரவில்லை. அவன் வலப்பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைத் தலையைக் குனிந்தபடி சொன்னேன். "தண்ணி வைக்கச் சொன்னவன் நான்தான். எனக்கு ஞாபகம் இருந்தது. என் நாயைப் பறித்துவிடுவார்களே என்று பொய் சொன்னேன்." அத்தனையும் சொல்லிவிட்டேன்! நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கியதுபோல்...

அவன் அப்போதுதான் தலையைத் திருப்பினான்.

"யாரு? ஏட்டையாவா? எப்ப வந்திய? அந்தப் பக்கம் இருந்து பேசுனா ஒண்ணும் கேக்காது. இங்கன வந்து இரிங்க."

எழுந்து மறுபக்கம் போனேன். உட்கார்ந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருந்தால் சொல்லியிருப்பேன்... சத்தியமாய்ச் சொல்லியிருப்பேன். அங்கே கோபம் இல்லை. வயசு மட்டும் ஏறியிருந்தது.

"இப்ப சொல்லுங்க. என்ன சங்கதி?"

வலையின் நுனி ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"ராணி செத்துப்போச்சு," என்றேன்.

வலையைக் கீழே வைத்தான். "அய்யய்யோ..." என்றான். உள்ளே இருந்த மனைவியிடம், "ஏளா மரியா, ஏட்டையாவோட நாய் செத்துப்போச்சாம்," என்று குரல் கொடுத்தான். நான் அழ ஆரம்பித்தேன். எதற்கு அழுகிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அவன் என் முதுகில் கை வைத்தான்.

"வாயில்லா சீவன்... நீங்க அதைப் பிள்ளையா வச்சிருந்தியளே. அழாதீய ஏட்டையா. எனக்கு அது மேல ஒரு வருத்தமும் கிடையாது."

என்மேல் வருத்தம் உண்டா என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் கை என் முதுகில் வெகுநேரம் இருந்தது. அதை நான் விலக்கவில்லை. ஆறுதல் முழுவதையும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.