தங்கை வாங்கிய மனையும் பக்கத்துக் கிணறும்

போன ஞாயிற்றுக்கிழமை ஆலங்காயம் போனதற்கு ஒரே காரணம் பொறாமை. என் தங்கை ஸ்டெல்லா அங்கே மனை வாங்கிவிட்டு, போட்டோவாக அனுப்பிக்கொண்டிருந்தாள். பின்னால் மலை, பக்கத்தில் பச்சை வயல். நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். வாடகை வீடு, குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். அவள் மனைக்கு அடுத்தது காலி என்று தெரிந்ததும், அவளிடம் சொல்லாமலே முன்பணத்தோடு கிளம்பிவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு ஆம்பூரில் பஸ் ஏறினேன். வாணியம்பாடியில் மாறினால் ஆலங்காயம் சுமார் இருபது கிலோமீட்டர். (டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது.) வழியெல்லாம் நெல், தென்னை, நடுநடுவே கொடி கட்டிய மனைப்பிரிவுகள். ஆலங்காயத்திலிருந்து மனைக்கு ஆட்டோ நூற்று இருபது ரூபாய். மனை பார்க்க வருகிறவர்களால் ஞாயிறு சவாரி ஜாஸ்தி என்றார் டிரைவர்.

தங்கையின் மனை வெறும் செம்மண், நான்கு எல்லைக் கல். போட்டோவில் இருந்த பச்சை, வேலிக்கு அப்பால் வசந்தா என்பவருடைய வயல். பொய் சொல்லக் கூடாது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வசந்தா மடை திருப்பிக்கொண்டிருந்தார். குடிக்கக் கேட்டதும் கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் கொடுத்தார். இனித்தது. தங்கை மேல் இருந்த பொறாமை அப்படியே இவர் மேல் தாவியது.

சுற்றிலும் விற்றுவிட்டார்கள், தான் மட்டும் கையெழுத்துப் போடவில்லை என்றார். பிறகு, "நீயும் பிளாட் பாக்கத்தான் வந்தியாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"போர் போடுவ இல்ல?"

"ஊடு கட்டணும்னா போட்டுத்தான ஆவணும்க்கா."

"ஒம்மேல தப்பில்ல. ஆனா நாலு பக்கமும் போர் போட்டா, இந்தக் கெணத்துல இன்னாம்மா இருக்கும்?"

அங்கிருந்தே புரோக்கருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றேன்.

வீடு திரும்பியதும் ஸ்டெல்லாவை அழைத்து, போர் போடும் முன் வசந்தாவிடம் ஒருமுறை பேசச் சொன்னேன். "ஒனக்குப் பொறாமைக்கா" என்றாள். மறுக்க முடியவில்லை. அடுத்த வாரம் போர் வண்டி வருகிறதாம்.

மனை பார்க்கப் போகிறவர்கள் புரோக்கர் காரில் ஏறாமல் பஸ்ஸில் தனியாகப் போங்கள். பதினோரு மணிக்கு மேல் வெயில் தாங்காது. பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசிவிட்டு முன்பணம் கொடுங்கள். வேண்டாம் என்று திரும்பினால் மனசு லேசாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் விட்ட மனையை மறுநாளே வேறொருவர் வாங்கிவிட்டார். இப்போது அவர் மேலும் எனக்குப் பொறாமைதான்.