ரீசெட் பார்த்த மூன்றாம் பாகம்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை யார் கண்டார்கள்? லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் 'ரீசெட்'தான். எந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றாலும் மனிதர் ஆடி அசைந்து போவார், மெயினை அணைப்பார், ஒரு டீ குடிப்பார், திரும்பப் போடுவார். லிப்ட் ஓடும். ஏன் நின்றது என்று கேட்டால், "ஓடுதுல்ல? அப்புறம் என்ன?" என்பார். மறுநாள் அதே லிப்ட் அதே மாடியில் நிற்கும். அவரும் அதே முகத்தோடு போய் நிற்பார்.

குடும்பத்தையும் இந்த லட்சணத்தில்தான் நடத்தினார். மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த மனைவிக்கு மேனேஜர் பதவி கிடைத்தது. வாழ்த்துச் சொல்ல வந்த அவளுடைய ஆபீஸ்காரர்கள் நடுவில் இவர் வாய் சும்மா இருந்ததா? "வேற ஆள் கிடைச்சிருக்காது" என்று போட்டார் ஒரு போடு. சிரித்தவர் அவர் ஒருவர்தான். வந்தவர்கள் போனதும் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் சில நாள் கழித்துப் போன் போட்டு, ஒன்றுமே நடக்காதது போல், "சாப்டியா?" என்றார். அவள் பட்டென்று வைத்துவிட்டாள்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை 'வெண்கலப் பருந்து'. அந்த சூப்பர் ஹீரோ படத்தின் முதல் பாகத்துக்கு நின்ற வரிசையில்தான் இருவரும் சந்தித்தார்கள். இரண்டாம் பாகத்தைக் கல்யாணமான புதிதில் பார்த்தார்கள். அதன் முடிவில் பருந்து, காதலியை ஊர் பார்க்க அவமானப்படுத்திவிட்டுப் பறந்துபோவான். ஆக, மூன்றாம் பாகத்தில் அவன் மன்னிப்புக் கேட்டே தீரவேண்டும். அவன் கேட்கிற நேரம் பார்த்து இருட்டில் இவள் கையைப் பிடித்துவிட்டால் தன் வேலையும் முடிந்தது என்று மனக்கணக்குப் போட்டார் ரீசெட். படம் வந்ததும் அவளைக் கூப்பிட்டார்; படத்துக்கு மட்டும் வருவதாக அவளும் ஒத்துக்கொண்டாள்.

படமா அது? சண்டை முழுக்கக் கும்மிருட்டு. யார் அடித்தது என்று அடிபட்டவனுக்கே தெரிந்திருக்காது. இரண்டு பாகமாக உலகத்தையே நடுங்கவைத்த வில்லன் தண்ணீர்த் தொட்டியில் வழுக்கி விழுந்து செத்தான். ஒருவழியாகக் காதலி வந்து எதிரில் நின்றாள். ரீசெட் கையைத் தயாராக வைத்துக்கொண்டார். பருந்து வாயைத் திறந்தான். திறந்தவன் ஒன்றும் சொல்லாமல் இடுப்பிலிருந்த சக்கரத்தைத் திருகினான். காலம் பின்னால் ஓடியது. அவளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. இளித்துக்கொண்டே அவன் தோளில் சாய்ந்தாள். சுபம்.

நீட்டிய கை நாற்காலியின் கைப்பிடியிலேயே கிடந்தது. தியேட்டர் படியில் இறங்கும்போது ரீசெட்டுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதெல்லாம் ஒரு பொழப்பா? மெயினை அணைச்சுப் போட்டா ஆச்சா? செஞ்ச தப்பு எங்க போச்சு? அவ மறந்துட்டா, சரி. பாத்த நாம மறந்துட்டமா?"

அவள் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாத்தான் கேக்குறீங்க. அவன்கிட்டயாவது ஒரு சக்கரம் இருந்துச்சு. உங்ககிட்ட வெறும் 'சாப்டியா'தான்."

அவருக்குச் சுருக்கென்றது. "விளையாட்டுக்குத்தானே..." என்று இழுத்தார். அவள் விறுவிறுவென்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். இவள் இனி வரவே மாட்டாள் என்று முதல்முறையாக அவருக்குப் பயம் வந்தது. பின்னாலேயே ஓடினார்.

"பொறாமை!" என்றார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். "ஊரையே மேல ஏத்திவிடுறேன், நான் கீழயே நிக்கிறேன். நீ ஏறிட்டியேன்னு வயித்தெரிச்சல். அதான் அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொன்னேன். தப்புதான். மன்னிச்சுடு."

அக்கா வீட்டுப் பக்கம் போகும் பஸ் வந்தது. அவள் அதில்தான் ஏறினாள். படியில் நின்றபடி திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் நின்னுச்சுன்னு இப்பதான் பாத்திருக்கீங்க," என்றாள். "ஓடுமான்னு அப்புறம் பாப்போம்."