நாய்களுக்குச் சாதி எழுதின கதை

நாய்க்கு ஊசி போடுகிற உத்தியோகத்தில் நாயை மடக்கிப் பிடித்துவிடலாம், நாய்க்காரரைத்தான் மடக்க முடியாது.

வீடு வீடாக ஏறி இறங்கிப் பிழைக்கிற சகபாடிகளே, மீற்றர் வாசிக்கிறவர்களே, கணக்கெடுப்புக்குப் போகிற விதானைமாரே, உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. படலையைத் தட்டி, "நாய் நிக்குதோ?" என்று கேட்டு, "அது ஒண்டும் செய்யாது, வாங்கோ" என்ற பதிலை நம்பி ஒரு காலை உள்ளே வைத்தவர்கள் நாங்கள். நான் பதினொரு வருடமாக யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் விசர்நோய்த் தடுப்பூசி போடுகிறேன். நாயைப் பிடித்துத் தருவது சின்னராசா அண்ணை. இரண்டு பேருக்கும் சேர்த்து இதுவரை ஆறு கடி. ஆறும் "ஒண்டும் செய்யாத" நாய்கள்.

வாசிகசாலைத் தீர்மானம்

நாரந்தனைப் பக்கம் தபால்காரர் அருட்செல்வத்தை ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. சும்மா பல்லுப் பட்ட காயமில்லை, சதை கிழிந்து தொங்கியது. அடுத்த ஞாயிறே வாசிகசாலையில் கூட்டம். தடுப்பூசி பற்றி இரண்டு வார்த்தை சொல்ல என்னையும் கூப்பிட்டார்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு நேரம் வரவேயில்லை.

வாசிகசாலைத் தலைவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். கைத்தொலைபேசியைப் பார்த்து நாய்ச் சாதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ரொட்வைலர், பிற்புல், டோபர்மன், அல்சேஷன். எல்லாவற்றையும் தீவுக்குள் தடை செய்யவேண்டும் என்றார். "சாதி அப்பிடி. என்னதான் நல்லாய் வளத்தாலும் பிறப்புக் குணம் போகாது" என்று மேசையில் தட்டினார். பின்வரிசையில் இருந்த மூன்று நான்கு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வசனத்தை நாய்களைப் பற்றிப் பேசாத இடங்களிலும் அவர்கள் கேட்டிருப்பார்கள்போல.

தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. அதற்குப் பிறகுதான் ஒருவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடித்தது என்ன சாதி நாய்? காலில் கட்டோடு முன்கதிரையில் இருந்த அருட்செல்வம் தலைவரை ஒருதரம் பார்த்தார், நிலத்தை ஒருதரம் பார்த்தார், பிறகு சொன்னார்: "ஐயா, கடிக்கேக்க நான் அதின்ர பல்லைத்தான் பாத்தனான், சாதியைப் பாக்கேலை."

ஒரே நாளில் லாப்ரடோர்

தீர்மானம் எங்கள் கந்தோருக்கு வந்தது. கந்தோரில் அதைப் படிவமாக்கி என்னிடம் தந்தார்கள். தீவுப் பகுதியில் ஆபத்தான சாதி நாய்கள் எத்தனை, யார் வீட்டில், என்ன நிறம்? படிவத்தில் ஐந்து பத்தி. நானும் சின்னராசா அண்ணையும் முதலில் போனது புளியங்கூடலில் ஒரு மாடிவீட்டுக்கு. ஒருகாலம் கண்டியில் கடை வைத்திருந்த குடும்பம், இப்போது எல்லோரும் கனடாவில். எட்டு அறை வீட்டில் ஆள் என்று இருப்பது காவலுக்கு நிற்கிற மகேஸ் அக்கா மட்டும். அவவும் குசினிக்குப் பின்னால் உள்ள அறையில். முன்னுக்கு, கார் இல்லாத கார் மண்டபத்தில், சீசர் என்ற ரொட்வைலர்.

சீசரை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். ஒரு முழச் சங்கிலி. எழும்பலாம், படுக்கலாம், திரும்ப ஏலாது. கட்டி வைத்தால்தான் குணம் ஏறும் என்று யாரோ கனடாவிலிருக்கிற வீட்டு முதலாளிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவிழ்த்தால், மண்டபச் சுவரில் பூட்டின பேசுகிற கமெராவில் பார்த்துவிட்டு அங்கிருந்து ஏச்சு வரும். போன வருடம் ஊசி போடப் போனபோது அதே கமெராவுக்குள்ளிருந்து முதலாளி, "தாய் தகப்பன் ரெண்டும் பதிஞ்ச சாதி, மிஸ். இலங்கையிலயே இப்பிடி ஒண்டு இல்லை" என்று பத்து நிமிடம் பெருமைப்பட்டவர். இந்தமுறை படலையில் "ரொட்வைலர் கவனம்" என்ற பலகையில் ரொட்வைலருக்கு மேல் வெள்ளைப் பூச்சு. "கவனம்" மட்டும் மிச்சம்.

நான் ரொட்வைலர் என்றே எழுதினேன். சங்கிலியை எழுதவில்லை. அதற்குப் பத்தி இல்லை. பேனாவை மூடும்போது கமெரா பேசியது: "மிஸ், அது இப்ப லாப்ரடோர். நேற்று வீட்டில எல்லாரும் கதைச்சு முடிவெடுத்திட்டம்."

வேலணைப் பிற்புல்

எல்லோரும் ஒளித்த பட்டியலில் தானாக வந்து சேர்ந்தவர் ஒரேயொருவர், வேலணையில் சைக்கிள் திருத்துகிற கடைக்காரர். எங்களைக் கண்டதும் ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "என்ர நாயையும் எழுதுங்கோ. பிற்புல்!" என்றார். அந்தப் பிற்புல் கடைவாசலில் மல்லாக்கப் படுத்து, பழைய ரியூப் ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது விழுந்தும் இருந்தது. சின்னராசா அண்ணை குனிந்து வயிற்றைச் சொறிந்துவிட்டார், அது கண்ணை மூடிக்கொண்டது.

போன மாதம் கடையில் இரண்டு றிம் களவு போய்விட்டதாம். அரசாங்கப் பட்டியலில் பிற்புல் என்று வந்தால் கள்ளர் கிட்ட வரமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. தடை வந்தால் நாயைக் கொண்டுபோய்விடவும் கூடும் என்று விளங்கப்படுத்தினேன். அவர் முகம் வாடியது. நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப ஒண்டு செய்யுங்கோ மிஸ்," என்றார், "கள்ளருக்குப் பிற்புல் எண்டு போடுங்கோ, கந்தோருக்கு நாய் எண்டு போடுங்கோ."

குறிகட்டுவானில் ஒரு சாக்கு

குறிகட்டுவான் துறையில், கடலுக்கு அப்பாலுள்ள கடைசித் தீவான நெடுந்தீவுக்கு ஊசிப் பெட்டியோடு படகேறிய காலையில், பின்பலகையில் பெரிய சாக்கொன்று மூச்சுவிட்டது. அருகில் எங்கள் பக்கத்து லொறிக்காரர். "மாட்டுத் தீவனம்" என்றார். தீவனத்துக்கு வால் இருந்தது. படகு துறையை விட்டு ஆழத்துக்குப் போய் ஆடத் தொடங்க, சாக்கு கிழிந்து ஒரு டோபர்மன் வெளியே வந்தது. சனம் குழறியது. இரண்டு பேர் கதிரைக்கு மேல் ஏறிவிட்டார்கள். நாய்க்கோ யாரையும் கடிக்கிற நிலைமை இல்லை. அலை அடித்த அடியில் நாலு காலையும் பரப்பி நின்று, என் படிவக் கோவைக்கு மேல் காலைச் சாப்பாடு முழுவதையும் கக்கியது. ஆபத்தான நாய்களின் பட்டியல் அதோடு அழிந்தது.

லொறிக்காரர் அழாக்குறையாக உண்மையைச் சொன்னார். தடை வந்தால் பறித்துவிடுவார்கள் என்று பயந்து, நெடுந்தீவில் மாடு வளர்க்கிற மச்சான் வீட்டில் ஒளித்து வைக்கக் கொண்டுபோகிறார். யாழ்ப்பாணத்தில் சாமான் வாங்கித் திரும்பிக்கொண்டிருந்த றீற்றா அன்ரி நெடுந்தீவுக்காரி. நனைந்த சீலையைப் பிழிந்தபடி முதலில் நாயைப் பார்த்தா, பிறகு லொறிக்காரரை, பிறகு ஏனோ தெரியாது, என்னை. "உங்களுக்கு ஏலாத உத்தியோகத்தரைத்தான் இவ்வளவு காலமும் எங்களுக்கு மாத்தி விட்டனியள், இப்ப நாயையுமோ?"

தலைவர் வீட்டுப் பிள்ளை

பட்டியலைத் திரும்ப எழுதுகிற அலைச்சலில் அருட்செல்வத்தின் வீட்டுக்கும் போனேன். அவர் ஆஸ்பத்திரியில் ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார். கடித்த நாயை இரண்டு கிழமை கட்டி வைத்துப் பார்க்கவேண்டும், அதற்கு விசர் இருந்தால் விளையாட்டில்லை, யாருடைய நாய் என்று சொல்லத்தான் வேண்டும் என்று நெருக்கினேன். மனைவி தேத்தண்ணியோடு வந்து, "சொல்லுங்கோவன்" என்றா. கடைசியில் சொன்னார். தலைவர் வீட்டு மண்ணிற நாய். சாதியும் இல்லை, பதிவும் இல்லை, சுத்தமான ஊர் நாய். கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நாளைக்கும் அந்தப் படலையில்தானே கடிதம் போடவேண்டும் என்றார்.

அன்று பின்னேரமே தலைவர் வீட்டுக்குப் போனோம். மூன்று வருடமாக ஊசி போட விடாத வீடு அது. "எங்கட நாயோ? ஆர் சொன்னது?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மண்ணிற நாய் கதிரைக்கடியால் வந்து சின்னராசா அண்ணையின் காற்சட்டையைப் பிடித்து உலுப்பத் தொடங்கியது. அண்ணை பழகின ஆள். அசையாமல் நின்று, அப்படியே கழுத்தில் சுருக்கைப் போட்டார். நான் ஊசியை ஏற்றிவிட்டு, இரண்டு கிழமை கட்டி வைக்கச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டேன். பெரிய சாதி நாய் கடித்தால் காயமும் பெரிதுதான், நான் அதை மறுக்கிற ஆள் இல்லை. ஆனால் பதினொரு வருடத்தில் எனக்கு வந்த கடி முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் இப்படிக் கதிரைக்கடியால் வந்தவைதான். அண்ணையின் கிழிந்த காற்சட்டையைக் காட்டி அதைச் சொன்னேன். தலைவர் கையெழுத்து வைத்தார். வைத்துக்கொண்டே சொன்னார்: "இது கடியில்லை மிஸ், இது எங்கட பிள்ளை ஆளைப் பழகிற விதம்."

மகேஸ் அக்கா சொன்னது

இதைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு ஏலாது. ஒரு நாள் காலையில் மகேஸ் அக்கா போன் எடுத்தா. "தங்கச்சி, ஒருக்கா வாறீரே" என்று மட்டும் சொன்னா. போனபோது கார் மண்டபத்தில் இரத்தம். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சீலையால் சுற்றிக்கொண்டு படியில் இருந்தா. சீசர் சுவரோடு ஒட்டி நடுங்கிக்கொண்டு நின்றது. அதன் கழுத்துப் பட்டி தசைக்குள் இறங்கிப் புழு வைத்திருந்தது. அதைத் தளர்த்தி மருந்து பூசத்தான் அக்கா கை வைத்திருக்கிறா. நோவில் திரும்பிக் கடித்துவிட்டது. இரண்டு வருடம் அக்காவின் கையால் சோறு தின்ற நாய். அந்தப் பட்டியை நான் இரண்டு தரம் பார்த்தவள். பார்த்துவிட்டு நிறத்தையும் சாதியையும் எழுதிக்கொண்டு வந்தவள். ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஊர் சீசரைக் கொல்லச் சொன்னது. மிருக வைத்தியர் வந்து மயக்க ஊசி போட்டுப் பட்டியை வெட்டியெடுத்தார். காயம் ஆற ஒரு மாதம் சென்றது. இப்போது அந்த வளவில் கம்பிவலை அடித்து நாயை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். நாய் புதிதாய் வருகிறவர்களைக் கண்டு இன்னும் உறுமுகிறது. அக்கா கையில் சோறு தின்கிறது. அக்காவின் இரண்டு விரல் சரியாக மடங்குவதில்லை.

முதலாளியின் மனம் எப்படி மாறியது என்று பலர் கேட்கிறார்கள். தையல் போட்டு அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று நான் பக்கத்தில் நின்றேன். கமெரா, "பயப்பிடாதேங்கோ அக்கா, உந்த நாயைக் குடுத்துப்போட்டு வேற நல்ல சாதியில ஒண்டு எடுப்பம்" என்றது. அந்த வீட்டுச் சோற்றைத் தவிர வேறு வழியில்லாத மனுசி அவ. அன்றுவரை அவரை "நீங்கள்" என்றே கதைத்தவ. கமெராவுக்கு நேரே போய் நிமிர்ந்து நின்றா. "தம்பி, நீர் ஒரு கிழமை வந்து இந்தச் சங்கிலியில நில்லும். நான் சோறு கொண்டு வாறன், நீர் கடிக்கிறீரோ இல்லையோ பாப்பம்."

பட்டியல் மேலிடத்துக்குப் போய், "பட்டியல் கிடைத்தது" என்ற பதிலும் வந்துவிட்டது. இத்தனை படலை தட்டினதில் எனக்கு விளங்கினது என்னவென்றால், கடிபட்ட இடத்தைக் காட்ட எல்லோரும் வருவார்கள், கடிக்கப் பழக்கின ஆளைக் காட்ட மட்டும் ஒருத்தரும் வரமாட்டார்கள்.