காற்றுக்கு டக் பிடித்த அமுதவல்லி

ஏரியூரில் என் வெல்டிங் பட்டறைக்கும் அமுதவல்லியின் தையல் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நான் இரும்பு அறுக்கும் சத்தத்தைப் பதினாறு வருடமாக அவள் திட்டுகிறாள். அவள் கடைக்கு வரும் பெண்கள் என் வாசலில் செருப்பை விட்டுப் போவதை நான் திட்டுகிறேன். என்னை முன்கோபி என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். அந்த முன்கோபியின் வாயை அடைத்த ஒரே ஆள் அவள்தான் என்பதை நானே எழுதிவைக்கிறேன்.

மூன்று வயதில் வந்த போலியோவில் அவளுக்கு இரண்டு காலும் சூம்பிப்போயின. இப்போது வயது நாற்பத்து மூன்று. தையல் மெஷினில் மோட்டார் மாட்டியிருக்கிறாள், வெளியே போகப் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். தரையில் கையூன்றித்தான் நகர்வாள், அந்தக் கைகளின் பலம் என் பட்டறைப் பையன்கள் யாருக்கும் கிடையாது. சின்ன வயதில் கிணற்றில் விழுந்து விழுந்து நீச்சலும் கற்றவள். அவளுக்கு ஆகாதது ஒன்றுதான், கேட்காமலே வந்து தொடுகிறவர்கள். பஸ் படியில், பேங்கில், கோயில் வாசலில் என்று யாராவது ஒருவர் பாய்ந்து வந்து அக்குளில் கை கொடுத்துவிடுவார்கள். "நல்ல மனசுலதான் பண்றாங்க. அதனால திட்டவும் முடியல பாருங்க" என்பாள்.

மாரண்டஹள்ளி நஞ்சப்பன் தக்காளி போடுகிற விவசாயி, அவர் மனைவி எங்கள் ஊர்ப் பெண். மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் எல்லாம் அமுதவல்லிதான் தைக்க வேண்டும் என்று அளவெடுக்கக் காரில் அழைத்துப் போனார்கள். அங்கே மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு எருமைகள் ஒரு வெள்ளைத் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. தொட்டியின் ஒரு முனை கூராக இருந்தது. விசாரித்தால், அது பாய்மரப் படகாம். நஞ்சப்பனுக்கு நிலம் விற்ற பெங்களூர்க்காரர் விட்டுவிட்டுப் போனது. பன்னிரண்டு அடி, பைபர். மரமும் பாயும் போன இடம் தெரியவில்லை. அடியில் நடுவே நீளமாக ஒரு பிளவு இருந்து தண்ணீர் ஒழுகியதால், நஞ்சப்பன் சிமென்ட் குழைத்து அதைக் கெட்டியாக அடைத்துவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் கடையில் பாட்டுக்குப் பதிலாகப் படகு வீடியோதான் ஓடியது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு போனைக் காட்டினாள்.

"கிருஷ்ணப்பண்ணா, இதுல காலுக்கு வேலையே இல்லீங்க. ஒரு கையில சுக்கான், ஒரு கையில கயிறு. மோட்டார் வேணாம், துடுப்பு வேணாம். உக்காந்த எடத்துலயே எல்லாம் ஆவுது."

"என்னாத்துக்கும்மா உனக்கு இந்த வேலை?" என்றேன். கொஞ்சம் கத்தித்தான் கேட்டேன்.

"ஒட்டனூர் ஆத்துக் கரையில ஏறி, தண்ணி நடுவுக்குப் போயி, யாரும் தொடாம அதே கரையில வந்து எறங்கணும். ஸ்கூட்டர்ல எங்க போனாலும் அங்க எறக்கிவுட ஒரு ஆள் நிக்குது. ஒரே ஒரு தடவ, ஆள் இல்லாம போயி வரணுங்கண்ணா."

நான் பட்டறைக்குப் போய் வெறும் தகட்டைச் சுத்தியால் அடித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண ஜாக்கெட்டுக்குக் கூலி வேண்டாம், தொட்டியைக் கொடுங்கள் என்று அவள் கேட்க, "என் எருமைக்கு நான் எங்கம்மா போவேன்?" என்று நஞ்சப்பன் சிரித்திருக்கிறார். மறுவாரம் டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டார், பாசி காயாமலே.

தொட்டிக்குத்தான் அந்தப் பிளவு ஓட்டை. படகுக்கு அதுதான் உயிர். அதன் வழியே ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கினால்தான் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாது. அந்தச் சிமென்ட்டைத் தட்டி எடுக்க அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. தினமும் கடையைச் சாத்திய பிறகு படகுக்குள் உட்கார்ந்து சின்ன உளியால் கொத்துவாள். பைபரும் உடையக்கூடாது, துளி சிமென்ட்டும் மிஞ்சக்கூடாது. என் அறுக்கும் மெஷினைக் கொண்டு வருகிறேன் என்றேன். என் மெஷின் முரடு, என்னைப் போலத்தான் என்று சொல்லிவிட்டாள். ஊறிப்போயிருந்த இடங்களை அறுத்தெடுத்து, பைபர் துணியை வெட்டி, ரெசின் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டினாள். அதுவும் துணிதானே, ஓரம் பிசிறாமல் வெட்டத் தெரிந்தால் போதும் என்பாள். முடிந்த பிறகு எந்த இடத்தில் ஒட்டு என்று நான் விரலால் தடவிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பது வருடம் ஒட்டு வேலை செய்கிறவன் சொல்கிறேன்.

படகை ஏற்றும் டிரெய்லர் என் பொறுப்பு. நான்கு முறை அறுத்து நான்கு முறை ஒட்ட வைத்தாள். படகின் விளிம்பு அவள் ஸ்கூட்டர் சீட்டின் உயரத்துக்கு இருக்க வேண்டும், அவளே நகர்ந்து ஏறுவதற்கு. கரையில் அடித்த முளையில் கயிற்றைச் சுற்றி, படகுக்குள் உட்கார்ந்தபடி அவளே விட விட, டிரெய்லர் சரிவில் உருண்டு தண்ணீருக்குள் இறங்க வேண்டும். பாய் கட்டும் மரத்துக்கு, வயலில் தண்ணீர் தெளிக்கும் அலுமினியப் பைப். அடியில் கீல் வைத்து, கயிற்றை இழுத்தால் நிமிரும்படி செய்தேன். இவ்வளவும் செய்கிற நாங்கள் கை கொடுத்தால் மட்டும் கணக்கில் வராதா என்று கேட்டேன். "ரோடு உங்களுது. தண்ணி என்னுது" என்றாள்.

பாயில்தான் நான் கெடுத்தேன். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற என் சிநேகிதர் தருமபுரியில் இருக்கிறார், அவரிடமே கொடுக்கலாம் என்று அடம்பிடித்தேன். ஒரு சுருக்கம் இல்லாமல், தரையில் விரித்தால் தரையோடு தரையாகப் படுக்கிற மாதிரி தைத்துக் கொடுத்தார். மரத்தில் கட்டித் தட்டினால் பறை மாதிரி அதிர்ந்தது. எனக்கு ஒரே பெருமை.

கார்த்திகையில், அணை நிறைந்து ஆற்றில் தண்ணீர் தேங்கி நின்றபோது, ஒட்டனூரில் இறக்கினோம். நம் கரையிலிருந்து எதிர்க்கரை கோட்டையூரைப் பார்த்துக் காற்று. படகு ஜோராகப் போயிற்று. கரையில் கூட்டம் கை தட்டியது. திரும்பும்போதுதான் விஷயம் தெரிந்தது. எதிர்க்காற்றில் எந்தப் பாய்மரப் படகும் நேராக வராது, இப்படியும் அப்படியும் வளைந்து வளைந்துதான் ஏறி வர வேண்டும். அவள் வளைந்தாள். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் முன்னே வந்த தூரம் பின்னே போனது. இரண்டு மணி நேரம் போராடிவிட்டுக் கோட்டையூர் பக்கத்து முள்ளில் போய்ச் சொருகிக்கொண்டது. மீன் பிடிக்கிற வீரமணி போய் கயிறு கட்டி இழுத்து வந்தார். கரை சேர்ந்ததும் நான்கு பேர் ஓடி அவளைத் தூக்கிக் கீழே வைத்தார்கள். "பாவம்" என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. நான் வேறு, சும்மா இல்லாமல், "ஒரு சின்ன மோட்டாரை வெச்சிரலாம்மா" என்றேன்.

ஐந்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஆறாம் நாள் சமாதானத்துக்கு டீ வாங்கிக்கொண்டு போனேன். டீயை வாங்காமல், தைக்காத ஒரு ஜாக்கெட் துணியை எடுத்துத் தண்ணீர்க் குடத்தின் மேல் போட்டாள். மடிந்து மடிந்து நின்றது. அங்கங்கே துணியை மடித்து டக் பிடித்துத் தைத்த ஜாக்கெட் ஒன்றைப் போட்டாள். குடத்தின் வளைவில் அப்படியே உட்கார்ந்தது.

"ஒடம்புல படற துணிக்கே டக் புடிச்சாத்தான் உக்காருது. காத்துல படற துணிய நீங்க தட்டையா தெச்சுக் குடுத்துட்டீங்க. காத்து எங்கண்ணா உக்காரும்? பாய்க்கு வயிறு வேணுங்க."

எனக்குச் சுருக்கென்றது. லாரிப் பாய் காற்றை உள்ளே விடாமல் விரட்டுவதற்கு. படகுப் பாய் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு. பதினாறு வருடமாக டக் பிடிக்கிறவளைப் பக்கத்துச் சுவரில் வைத்துக்கொண்டு, நான் தருமபுரிக்கு ஓடியிருக்கிறேன்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஜாக்கெட் வேலையும் குறைவு, மண்டபமும் காலி. மண்டபத்துத் தரையில் கூடாரத்துக்குப் போடுகிற மெல்லிய நைலான் துணியை விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து சாக்பீஸால் வரைந்தாள். ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் நேராக வெட்டாமல், விரல் கனத்துக்கு வளைத்து வெட்டினாள், சேர்த்துத் தைத்தால் வயிறு விழும்படி. அவ்வளவுதான் வித்தியாசம். இருபத்தேழு நாள் ஆயிற்று. மெஷினை மண்டபத்துக்குக் கொண்டுபோய் வைத்ததோடு என் வேலை முடிந்தது. இந்த முறை ஒரு யோசனையும் சொல்லவில்லை.

தை பிறந்து இரண்டாம் ஞாயிறு மறுபடியும் ஒட்டனூர், அதே காற்று. கூட்டம் போன தடவையைவிடக் குறைவு. ஆரஞ்சு மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரிலிருந்து நகர்ந்து ஏறினாள். கயிற்றை விட்டாள். நீர் படகைத் தூக்கிக்கொண்டது.

நடு ஆறு வரை போனதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை, போன தடவையும் போயிற்று. பிறகு படகு திரும்பியது. திரும்பி, எங்களைப் பார்த்து வராமல் பக்கவாட்டில் நாகமரை ஊர்ப் பக்கம் ஓடியது. "போச்சு, வீரமணி, படகை எடுங்க" என்று கத்தினேன்.

"இருங்கண்ணா. அக்கரை மரத்துக்கு நேரா வெச்சுப் பாருங்க. கிட்டத்தான் வருது" என்றார் வீரமணி.

வந்தது. பாய் குடம் மாதிரி புடைத்திருந்தது. அந்தப் பக்கம் ஓடி வளைந்தது, இந்தப் பக்கம் ஓடி வளைந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் அவள் முகம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. எத்தனை வளைவு என்று எண்ணவில்லை. இன்னும் பத்து முழம்தான் என்றபோது, நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் தண்ணீரில் இறங்கி ஓடிப்போய்ப் படகின் மூக்கைப் பிடித்துவிட்டேன்.

"அண்ணா, கைய எடுங்க."

அவள் கத்தவில்லை. ஆனாலும் சுட்டுக்கொண்டவன் மாதிரி கையை எடுத்தேன். நான் நிறுத்திவிட்டதால் பாய் படபடத்தது. காற்று படகைப் பின்னால் தள்ளிக்கொண்டே போயிற்று. ஐம்பது முழம், எண்பது முழம். அவள் மறுபடியும் பாயை நிரப்பி, மறுபடியும் நாகமரைப் பக்கம் ஓடி, மறுபடியும் வளைய வேண்டியிருந்தது. கால் மணி நேரம் அது. இடுப்பளவுத் தண்ணீரில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்தக் கால் மணி நேரத்தைப் போல் நான் வெட்கப்பட்டது கிடையாது. அவளை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டதும் கிடையாது.

என் பக்கத்திலேயே கடந்து போயிற்று படகு. நான் தொடவில்லை. மூக்கு மணலில் உரசி நின்றது. அவள் பாயை இறக்கிக் கட்டினாள். விளிம்பில் கையூன்றித் தண்ணீரில் இறங்கி, மணலில் கை வைத்து ஒவ்வொரு எட்டாக மேலே வந்து, ஈரம் சொட்டச் சொட்ட உலர்ந்த தரையில் உட்கார்ந்தாள். கரையில் நின்ற அத்தனை பேரும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றோம். ஒருவரும் அசையவில்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"என்ன எல்லாரும் பாத்துக்கினே நிக்கிறீங்க? வந்து கை குடுங்க. படகு கனங்க."

முதல் ஆளாக நான்தான் ஓடினேன்.