நாலு விரற்கடை

புதுச் சைக்கிள் சீட்டின் பிளாஸ்டிக் உறை வெயிலில் காய்ந்து ஒரு வாசனை கிளப்பும். பதினோராம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளை வாங்கிக்கொண்டு தென்னேரி வந்து சேர்ந்த அன்று என் சீருடையெல்லாம் அந்த வாசனைதான்.

அன்று மாலையே அம்மா அதை ஊர் சைக்கிள் கடைக்குத் தள்ளிப்போய், சீட்டை அடிவரை இறக்கி முடுக்க வைத்து, இனி ஏற்றக்கூடாது என்று கடைக்காரரிடமும் சொல்லிவிட்டு வந்தாள். உட்கார்ந்தபடியே என் இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டுமாம். சிறுமியாக இருந்தபோது மாமாவின் உயரமான சைக்கிளில் ஏறி, நிறுத்தத் தெரியாமல் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவள் அவள். கட்டுப் பிரிப்பதற்குள் பள்ளியிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். கோணலாகக் கூடிய அந்தக் கையோடுதான் வீட்டில் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஏரிக்கரை ஓரமாகவே வாலாஜாபாத் பள்ளிக்குப் போக வேண்டும். காற்று எப்போதும் எதிரில்தான். மூன்றாவது வாரம் முட்டிச் சில்லுக்குக் கீழே வலி பிடித்துக்கொண்டது. பஸ் வந்து சேர்வதற்குள் முதல் வகுப்பு முடிந்துவிடும். முதல் வகுப்பு கணக்கு. வலியைச் சொன்னபோது அம்மா நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், "பஸ்ல போ, இல்லன்னா படிப்புலேந்து நின்னுக்கோ" என்றாள். அந்த "நின்னுக்கோ" என்னைச் சுட்டது. சைக்கிளையும் விடுவதில்லை, கணக்கையும் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

என் கோளாறைக் கண்டுபிடித்தவள் வகுப்புத் தோழி நஸ்ரின், வாலாஜாபாத் இரும்புச் சாமான் கடைக்காரர் மகள். ஒருநாள் என் பின்னால் ஓட்டிவந்தவள், "நீ சைக்கிள் ஓட்டலபா, உக்காந்துகினே மாடிப்படி ஏறுற, சீட்டு அவ்ளோ கீழ இருக்குது" என்றாள். மறுநாள் புத்தகப் பையில் ஸ்பேனர் கொண்டுவந்தாள். ஆசையில் சீட்டை ஒரேயடியாக ஏற்றிவிட்டோம். பெடலுக்குக் கால் எட்டாமல் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆட, சந்தைத் திருப்பத்தில் ஒரு லாரி குறுக்கே வர, நிற்க வழியில்லாமல் விழுந்தேன். முழங்கை தோல் உரிந்துவிட்டது.

காயத்தைப் பார்த்த அம்மா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மட்டும் சொன்னாள். சீட்டைச் சரியாக வைத்துக் காட்ட ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், அரைமனதாகத் தலையசைத்தாள்.

அந்த ஞாயிறு, அவளையே ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்லி, சீட்டை விரல் விரலாக இறக்கினேன். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை அழுத்தினால் கால் நேராக நீள வேண்டும்; முன்பாதத்தால் மிதித்தால் முட்டியில் கொஞ்சம் மடிப்பு மிஞ்ச வேண்டும். அந்த இடம் அம்மா வைத்த அளவுக்கு நாலு விரற்கடை மேலே இருந்தது. அங்கே என் கால்விரல் நுனி மட்டுமே தரையைத் தொட்டது. அம்மா முகம் இறுகியது.

"எங்கண்ணு முன்னால பத்து வாட்டி நிறுத்திக் காட்டு. ஒண்ணு தப்புனாலும் மறுபடி மொதல்லேந்து."

தெருவின் கோடியிலிருந்து வருவேன்; பிரேக்கை அழுத்தி, சீட்டிலிருந்து முன்னால் நழுவி ஒரு காலை ஊன்றுவேன். ஏழாவது தடவை சாய்ந்துவிட்டேன். முட்டி எரிய மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். பத்து முடிந்ததும் அம்மா ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கி, அந்தக் கோணல் மணிக்கட்டாலேயே பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டை முடுக்கினாள். "ஒரு இழ கூட எறங்கக் கூடாது" என்றாள்.

இரண்டு வாரத்தில் வலி போயிற்று. இரண்டு வருடமும் கணக்கு வகுப்பு ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை.

இப்போது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். தென்னேரியில் அந்தச் சைக்கிள் கடை இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை. என் சைக்கிளும் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. சாயங்காலம் ஏரிக்கரையில் மணியடித்தபடி வரிசையாக வந்த பெண்களும் இல்லை. ஷேர் ஆட்டோவில் போகிறார்கள். இவை போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஊரில் எந்த வீட்டிலாவது பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தும் பேச்சு எழுந்தால், அம்மா நேரே அங்கே போய்விடுகிறாள். போன மாதமும் ஒரு வீட்டுக்குப் போனாள். கொடுத்த காப்பியைத் தொடாமல், அவர்கள் சம்மதிக்கும்வரை எழுந்திருக்கவே இல்லையாம். திங்கட்கிழமை அந்தப் பெண் பள்ளிக்குப் போனாள்.