மணல் மணலா

போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு நெய் பாட்டிலைப் பார்த்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர் பயந்து நகர்ந்துகொண்டார். பாட்டில் மேல் தங்க எழுத்தில் 'மணல் மணலான நெய்' என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லுக்காக எங்கள் வீடு பட்ட பாடு அவருக்கு எங்கே தெரியும்!

யோசித்துப் பாருங்கள். சோற்றில் மணல் இருந்தால் சண்டை. கீரை நறநறத்தால் கழுவினவருக்கு அர்ச்சனை. வள்ளியூரில் காற்றுக்காலம் வந்தால் காயப்போட்ட துணியில், மூடிவைத்த மாவில்கூட மணல்தான். அம்மா காற்றையே திட்டித் தீர்ப்பாள். அதே அம்மா நெய்யைத் திறந்து பார்த்து "மணல் மணலா இருக்கு" என்றால் அன்றைக்கு வீட்டில் யார் என்ன கேட்டாலும் கிடைக்கும். நன்றாகப் பழுத்த சீத்தாப்பழத்துக்கும் அதே சொல்தான். பல்லில் கடிபட்டால் வசவு, நாக்கில் கரைந்தால் பாராட்டு. அவ்வளவுதான் இலக்கணம்.

அக்காவை ஆழ்வார்திருநகரியில் கட்டிக்கொடுத்த வருஷம், தலைதீபாவளிக்கு நாங்கள் கொடுத்த நெய்யைப் பார்த்து அவள் மாமியார், "ஏளா, உங்கம்ம உருக்குனது நெய்யா, மெழுகுதிரியா?" என்று கேட்டுவிட்டார். நாங்கள் அவரை அத்தை என்போம். அன்றிலிருந்து அக்கா எதில் பிசகினாலும் "மெழுகு வீட்டுப் பிள்ளைல்லா" என்ற பேச்சு. அக்கா போனில் அழுதாள். பொங்கலுக்கு மணல் மணலாக நெய் போனால்தான் அந்தப் பெயர் போகும்.

அம்மா முருங்கை இலை போட்டு உருக்கினாள். மணலாக வேண்டுமென்றால் உருக்கின நெய்யை அசைக்காமல் பைய ஆறவிட வேண்டும். ஒரு ராத்திரியாவது ஆகும். ஆனால் சொல்லிவைத்த வெண்ணெய் வந்ததே அன்று காலையில். மதியம் எனக்குப் பஸ். உருகின நெய்யோடு ஏறினால் பாதி என் சுடிதாரில் இருக்கும். வேறு வழியில்லாமல் தூக்குவாளியை ஐஸ் தண்ணீரில் இறக்கினாள். அரை மணியில் இறுகியது. வழவழவென்று, அசல் மெழுகு.

"கேட்டா, பஸ்ல குலுங்கி இப்படி ஆயிட்டுன்னு சொல்லுட்டி."

"குலுங்குனா மெழுகாவுமாம்மா?"

"காலேஜ்ல படிக்கேல்லா, நீயே ஏதாவது சொல்லு."

திருநெல்வேலியில் மாறி, திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் பெட்டியை ஒட்டி நிற்கத்தான் இடம். நான் வாளியோடு ஆடுவதைப் பார்த்த டிரைவர் அண்ணாச்சி, "எம்மா, அத வச்சு என்னத்துக்கு மல்லுக்கட்டுதே? இங்கன வையி" என்று பெட்டியைக் காட்டினார். வைத்தேன். அது இடமா, தோசைக்கல்லா! ஸ்ரீவைகுண்டம் தாண்டி வாளியைத் தொட்டபோது கை சுட்டது. உள்ளே தளும்பியது.

அத்தை மூடியைத் திறந்தார். "ஏ பிள்ள, நெய்யின்னுட்டு எண்ணெயல்லா கொண்டாந்திருக்கே!"

அக்கா என்னை முறைத்தாள். அம்மா சொல்லிக்கொடுத்த பொய்யும் இப்போது பொருந்தாது. அத்தை வாளியை அடுக்களை மூலையில் வைத்து, "காலையில என்ன வேசம் போடுதுன்னு பாப்போம்" என்றார்.

மார்கழிக் கடைசி. ஆற்றங்கரைக் குளிர். காலையில் அத்தை கரண்டியை விட்டு எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆற்று மணலேதான்! நாக்கில் வைத்தார். அக்கா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"ஏளா, இது உங்கம்ம கைதானா?"

"ஆமா அத்தே."

"தீவாளிக்கு இந்தக் கை எங்க போயிருந்துச்சு?" என்றபடி அடுத்த கரண்டியை அள்ளி அக்கா வாயில் போட்டார். மெழுகுப் பெயர் அன்றோடு ஒழிந்தது.

அம்மாவிடம் சொன்னேன். கூச்சமே இல்லை. "பின்ன? பக்குவம்லா!" ஆனால் அடுத்த வருஷம் வழியனுப்பும்போது குரலைத் தாழ்த்தி, "இன்ஜின் பக்கத்துல இடம் பாத்து ஒக்காரு" என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஐஸ் தண்ணீர், இன்ஜின் பெட்டி, பாராட்டு.

இந்தப் பொங்கலுக்கும் போனேன். புதுப் பஸ். இன்ஜின் எங்கோ பின்னால். டிரைவர் பக்கத்தில் பெட்டியே இல்லை, பளபளவென்று வெறும் தரை. ஆழ்வார்திருநகரியில் வாளியைத் திறந்தால், ஏறும்போது இருந்த அதே மெழுகு. அத்தை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓரமாகச் சிரித்தார்.

"என்ன பிள்ள, இப்பம் வார பஸ்ஸுல இஞ்சினு சூடே கெடையாதோ?"