மூடிக்குள் ஒரு நூலிழை

அவர் கணபதி என்ற பகுதியில் ஒரு பம்பு பட்டறையில் ஃபிட்டர். ஒல்லியான ஆள், காதோரம் நரை. இடது தோளில் எப்போதும் ஒரு பனியன் வேஸ்ட் துணி கிடக்கும். எதை மூடினாலும், கடைசியாக அதால் ஒரு முறை துடைத்துவிட்டுத்தான் மூடுவார்.

எங்கள் நிறுவனம் கடலுக்கு ஒரு மிதவை செய்தது. அது ஆளில்லாமல் தானே மூழ்கி, வெப்பமும் உப்பும் அளந்து, பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து செய்தி அனுப்பும். சோதனையெல்லாம் முடிந்து பேட்டரி வைத்த பிறகு, பட்டறையிலிருந்து வந்து மூடியைப் பொருத்திக் கொடுத்தவர் அவர்தான்.

மிதவையைக் கடலில் இறக்கியாயிற்று என்று அவருக்குப் போனில் சொன்னேன். அன்று மதியமே என் மேசை முன்னால் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"ஏனுங்க, பழக்கதோசத்துல, தண்ணி புகாம மூடிக்கடியில போடற ரப்பர் வளையத்தையும் வேஸ்ட்ல தொடச்சுபோட்டேனுங்க. ஒரு நூலு ஒட்டியிருந்தா?"

கடலாழத்து அழுத்தத்தில் தண்ணீர் உள்ளே புக, வளையத்தில் ஒட்டிய ஒரு நூலிழை போதும்.

"பம்புன்னா கழட்டிப் பாத்துக்கலாமுங்க. இதை எங்கீங்க போய்க் கழட்டறது?" என்றார்.

தினமும் வந்தார். மூழ்கியிருக்கும்வரை திரையில் எதுவும் தெரியாது என்று சொல்லியும் கேட்கவில்லை. வெறும் திரையைப் பார்த்துவிட்டுப் போவார்.

பத்தாம் நாள் செய்தி வந்தது. நான் சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இப்ப மேலதான் இருக்குதுங்களா?"

"இல்லீங்க, மறுபடி உள்ள போயிருச்சு. இனி பத்து நாள் கழிச்சுத்தான் வரும்."

அவர் தோள்துணியை எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதுவரை, இந்தப் பயம் பத்து நாளோடு முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.